பையைத் திறந்தது யார்?

"பையை ஆரோ திறந்திருக்காவ. உள்ள காத்து போகாம மக்காச்சோளத் தீவனத்துல பூசணம் பிடிக்குமா?"

மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசிய பிரதீஷ், அறைக்குள் நிலைகொள்ளாமல் நடந்தான். இராஜாக்கமங்கலத்துத் தொழுவத்தில் அவன் மனைவி அபிதா கெட்டுப்போன தீவனத்தை வாரி வெளியே கொட்டினாள். நறுக்கிய சோளத்தட்டையைப் பையில் மிதித்து அடைத்துக் கட்டிவிட்டால், பதமாகும்வரை தொடக் கூடாது. கோடைக்கு மாடுகளுக்கு அதுதான் தீனி.

"எலியா இருக்குமோ?"

"கடிச்ச தடம் இல்லியே."

"பக்கத்து வீட்டு ராஜகுமார்? நம்ம பால் யாவாரம் அவனுக்குப் பொறுக்காது."

"அந்த அண்ணன்தான் இன்னிக்குப் புதுசா ஒரு பை மிதிச்சு அடைச்சுத் தந்தாரு."

"பின்ன ஆரு? தெரிஞ்சா சொல்லேன்டி. எனக்கு இங்க இருப்பே கொள்ளல்ல."

"நாளைக்கு விளியுங்க, சொல்லுதேன்."

விடிந்ததும் போன் அடித்தது. அபிதா தொழுவத்துக்குப் போய்ப் புதுப் பையைக் காட்டினாள்.

"இறுக்கிக் கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு."

"சரி, டெய்லி செய்யுத மாதிரி கட்டைக் கொஞ்சம் அவுத்துக் காட்டு. மணம் எப்படி இருக்குன்னு மோந்து பாத்துச் சொல்லு."

அபிதா கட்டை அவிழ்க்கவில்லை.

"நேத்து ஆருன்னு கேட்டீங்கல்லா," என்றாள்.