இன்னும் இருபது அடி

“இன்னும் மூணே மூணு நாள் குடுங்க மேடம், கையெடுத்துக் கும்பிடறேன்!” என்று கெஞ்சினார் மேஸ்திரி.

“மூணு நிமிஷம்கூடக் கிடையாது. உள்ள இருக்கிற எட்டுப் பேரையும் வெளிய வரச் சொல்லுங்க.” தீத்தடுப்பு அதிகாரி, வாயு அளக்கும் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நிலக்கரிச் சுரங்கத்தின் ஏழாம் பகுதி வாசலில் செங்கல்லும் சிமென்டுமாகக் காத்திருந்தார் கொத்தனார். அந்த வாசலைச் சுவர் வைத்து அடைக்க அவரை வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்குவது இதுதான் முதல் தடவை. எப்போதடா மேலே போவோம் என்றிருந்தது.

“நெருப்பே கண்ணுல படலையே மேடம்?”

“பட்டதுக்கு அப்புறம் ஓட நேரமிருக்காது. கரி தானாவே உள்ளுக்குள்ள சூடாகுது. நேத்தைவிட விஷவாயு ரெண்டு மடங்கு. சுவரெல்லாம் வேர்க்குது, மண்ணெண்ணெய் வாடை வேற. காத்துப் போகாம அடைச்சாத்தான் அடங்கும்.”

“இன்னும் இருபதடிதான் மேடம்…”

கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏங்க மேஸ்திரி, கரி மேல அப்படி என்னங்க ஆசை? எட்டு உசிரு உங்களுக்குக் கிள்ளுக்கீரையா?”

மேஸ்திரி உள்பக்கம் திரும்பி ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். வெளியே வந்த எட்டுப் பேரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். உயிர் தப்பியதற்கு இப்படியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா என்று கொத்தனாருக்கு எரிச்சலாக வந்தது.

சுவர் முடியும்வரை அதிகாரி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசிச் செங்கல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும். மேலே ஏறியதும் கழற்றிக்கொள்ள வேண்டும். கொத்தனாருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஏழாம் பகுதிப் பலகையில் எல்லாரும் மேலே வந்து கழற்றிய பிறகும் ஒரு வில்லை தொங்கியது.

கொத்தனார் அலறினார். “ஐயையோ, யாரையோ உள்ள வெச்சு அடைச்சுட்டேனே! கடப்பாரையை எடுங்கய்யா!”

ஒருவரும் அசையவில்லை. அதிகாரி அந்த வில்லையைக் கழற்றி, கரியைத் துடைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

“போன மாசம் உள்ள கூரை இடிஞ்சு ஒருத்தர் செத்துப்போனாருங்க” என்றார் மேஸ்திரி. “இன்னும் இருபதடி தோண்டியிருந்தா, மேடத்துக்கு அவங்க வீட்டுக்காரர் உடம்பையாவது எடுத்துக் குடுத்திருப்போம்.”