புது அம்மனுக்கு உப்பு

புளியமரத்தில் கோடாரி இறங்கிய சத்தம் கேட்டபோது நான் தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மேலே இருந்த டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போட்டது போட்டபடி ஓடினேன். குடத்துத் தண்ணீர் முழுக்க என்மேல்தான் கொட்டியது.

வெட்டிக்கொண்டிருந்தவன் என் கொழுந்தன் சின்னராசு. பின்னால் பெரிய கூட்டம். எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒதுக்கீடு வேண்டாமென்று நானா சொன்னேன்? என் மகளும் ப்ளஸ் டூ படிக்கிறாள். ஆனால் வடக்கனந்தல் ரோட்டில் மரத்துக்கா பஞ்சம்? எடுத்த எடுப்பில் என் வயிற்றில்தான் அடிக்க வேண்டுமா?

அந்த மரத்து நிழலில்தான் என் மீன்தொட்டி இருக்கிறது. மீன் கிடந்த தண்ணீர் டிரம்மிலிருந்து கோமுகி ஆற்றுக் கூழாங்கல் பரப்பிய பாத்திக்குச் சொட்டும். மண்ணே இல்லாமல் அந்தக் கல்லுக்குள் வேர்விட்டுத் தக்காளியும் கீரையும் வளரும். மீனின் கழிவு செடிக்கு உரம். செடி சுத்தம் செய்த தண்ணீர் திரும்பவும் மீனுக்கே வரும்.

முதல் தடவை சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்து மீனெல்லாம் மிதந்தன. அடுத்த தடவை மார்கழியில், கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய குளிரில் குஞ்சுகள் விறைத்துப் போயின. அப்புறம்தான் தொட்டியைப் புளிய நிழலுக்கு மாற்றிக் கட்டினேன். அங்கே வெயிலும் நேராக விழாது, பனியும் இறங்காது. இந்தத் தடவையும் செத்தால் தொட்டியை இடித்துவிட்டு மாடு கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

“ஒரு மரம்தான அண்ணி. ஒதுங்கிக்கங்க.”

சின்னராசு அப்படிச் சொன்னதும் எனக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. கோடாரியைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் கொண்டை அவிழ்ந்தது. அவன் பிறந்த நேரத்தில் ஆரம்பித்து அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன். இன்னொரு வெட்டு விழுந்தால் ஒருத்தன் வீட்டிலும் விளக்கு எரியாது என்று மரத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

ஈரப் புடவை, மஞ்சள் பூசிய முகம், விரித்த தலை. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நான் கோபப்படுகிறேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சின்னராசு கோடாரியைப் போட்டுவிட்டு என் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். யாரோ சூடம் ஏற்றினார்கள். மரத்தில் மஞ்சள் துணி ஏறியது.

அண்ணி சொன்னால் ஏறாத காதில் அம்மன் சொன்னால் ஏறுகிறது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மரம் பிழைத்ததே.

அவர்கள் அத்தோடு போயிருக்கலாம்.

வளைவில் வேறொரு மரத்தைச் சாய்த்தார்கள். அதில் மரக்காணத்து உப்பு லாரி ஒன்று மாட்டியது. கொஞ்ச நேரத்தில் உப்பு மூட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்கள். லாரிக்காரனே பக்தியோடு இறக்கிக் கொடுத்தானாம்.

நினைத்தது நடக்க அம்மன் குளத்தில் உப்பைக் கொட்டுவது எங்கள் பக்கத்து வேண்டுதல். உப்பு கரைகிற மாதிரி தடையெல்லாம் கரைந்துவிடும் என்பார்கள். இந்தப் புது அம்மனுக்குக் குளம் எது? அவள் நிழலில் இருக்கிற என் தொட்டிதான். போராட்டம் ஜெயிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு படி.

தொட்டியை மறித்துக்கொண்டு நின்றேன். உப்பு வேண்டாம் என்றேன். உள்ளே மீன் இருக்கிறது, செத்துவிடும், கீரையெல்லாம் கருகிவிடும் என்றேன். இவன்களிடம் போய்க் கெஞ்சினேன்.

சின்னராசு என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

“ஆத்தா மலையேறிட்டா. இப்ப பேசிக்கினு இருக்கறது எங்க அண்ணி.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தன் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

திரும்பவும் ஆட வேண்டும். ஆடினால் கேட்பார்கள். தலைமுடியை உதறி, கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன அழுகைதான் வந்தது.

அம்மன் இறங்கிய கைதான் முதலில் போட வேண்டும் என்றார் ஒரு பெரியவர். சின்னராசு ரொம்ப மரியாதையாக என் மணிக்கட்டைப் பிடித்தான். உள்ளங்கை நிறைய உப்பை வைத்துத் தொட்டிக்கு மேலே நீட்டினான்.

என் கையைப் பார்த்ததும், தீனி என்று நினைத்து, குஞ்சுகள் அத்தனையும் மேலே வந்தன.