நூல் பெட்டிக்குள் கைபேசி

மழை பிடித்துக்கொண்ட மாலை. ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரில் தெருவிளக்கு மஞ்சளாகக் கரைந்து, மேசைமேல் பாதி தைத்துக் கிடக்கும் சட்டையில் மெல்ல அலைகிறது. தையற்காரி கைபேசியும் கையுமாக நிற்கிறாள். மகள் இன்றுதான் முதன்முதலாகத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வேலையிலிருந்து திரும்புகிறாள். "பார்த்து ஓட்டுடின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிடறேனே" என்கிறாள். பட்டாணி உரிக்கும் கணவர் தலை நிமிராமல், "சொல்லேன். அதைக் கேக்க அவ போனைத் தேடறப்போ, ரோட்டை யாரு பார்ப்பா? நீயா?" என்கிறார். அம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். போட்டவள் அவளேதான். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண், எடுத்தேவிடுவாள். ஈரச் சாலையும் வளைவும் எதிரே வரும் லாரியின் வெளிச்சமும் கனவுபோலக் கண்ணுக்குள் மிதந்து போகின்றன. கைபேசியை நூல் பெட்டிக்குள் வைத்து, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல மூடியைச் சாத்துகிறாள். "கடவுளே, நீயே அவ பக்கத்துல உட்கார்ந்து வாப்பா." ஒரு பட்டாணி தரையில் உருண்டோடுகிறது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டிக்குள் மணி அடிக்கிறது. முதல் மணியிலேயே எடுக்கிறாள். "ஏம்மா, இன்னிக்கு ஒரு போனைக்கூடக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்கிறாள். அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் இல்லை. ஓரமாக நிறுத்திய காரின் கூரைமேல் மழை மட்டும் பெய்துகொண்டிருக்கிறது.