ஒட்டுத்துணி மயில்

திருப்பூரில் மேகலா வேலை பார்த்த தையற்கூடத்தில், தொடுகிறவர் மனசுக்கேற்ப நிறம் மாறும் துணியில்தான் சட்டை தைத்தார்கள். சந்தோஷம் என்றால் மஞ்சள், கோபம் என்றால் சிவப்பு, பிடிக்கவில்லை என்றால் சாம்பல். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பார்த்துப் பார்த்துத் தைத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு மயில் செய்தாள் மேகலா. நாத்தனார் நந்தினியின் புதுவீட்டு விசேஷத்துக்குப் பரிசு. இருவருக்கும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு அண்ணி!" என்று நந்தினி இரண்டு கையாலும் வாங்கினாள்.

மயில் கொண்டை முதல் தோகை வரை சாம்பலானது. கூடத்திலிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் குனிந்து காபியை ஆற்ற ஆரம்பித்தார்கள்.

மேகலா வெடுக்கென்று பிடுங்கினாள். மயில் ரத்தச் சிவப்பானது.

"பிடிக்கலைன்னா வாயால சொல்லேன்!"

"சரி, சொல்றேன். வாத்து மாதிரி இருக்கு அண்ணி."

மேகலா திருப்பிப் பார்த்தாள். கழுத்து குட்டை, வயிறு பெரிசு. வாத்தேதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நந்தினியும் சிரித்துக்கொண்டே வாலைப் பிடித்தாள். இரண்டு பேர் கையிலும் மயில் மஞ்சளாக மின்னியது.

நந்தினி அதை மேகலாவின் கணவன் குணசீலனிடம் நீட்டினாள். "நீ சொல்லுண்ணா, அண்ணி கைவேலை எப்படி இருக்கு?"

குணசீலன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தள்ளி நின்னு பார்த்தாலே பிரமாதமா இருக்கு," என்றான்.