கட்டிலைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்

“படுக்கையறையிலயா?”

ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த வித்யாலக்ஷ்மி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வேற எங்க வைக்கிறது? ஹால்ல ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தா முழங்கால் இடிக்குது,” என்றான் அவள் கணவன் ராம்கி.

கட்டிலைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர். மூலையில் பெரிய வூஃபர் பெட்டி. வயரையெல்லாம் இழுத்து, சுவரோடு டேப் போட்டு ஒட்டியிருந்தான்.

“சரவுண்ட் சவுண்ட். எப்படி இருக்கு?”

அவளுக்குக் கண் எரிந்தது. எட்டு மாதமாக செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் ராத்திரி வேலை. பகலில் தூங்கலாமென்றால் அவர்கள் குடியிருந்த பவானிபூர் விடாது. மெயின் ரோட்டு வீடு. பஸ் கண்டக்டர்கள் தகரத்தைத் தட்டித் தட்டிக் கூவுவார்கள். எதிரே பாத்திரக் கடை. சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

லேக் கார்டன்ஸில் சத்தமில்லாத சந்துக்குள் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்து ராம்கி சொன்னபோது, “எனக்காக வீடு மாத்தறதா? வாடகை என்னன்னு தெரியுமா?” என்று அவள்தான் மறுத்துவிட்டாள்.

அதற்காக, தூங்குகிற அறைக்குள்ளேயே இப்படியா?

“ஆன் பண்ணிடாதே. அளவெல்லாம் மாறிடும்,” என்று சொல்லிவிட்டு, சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்கு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

அடுத்த ஞாயிறு கனத்த திரைச்சீலை வந்தது. இரண்டு அடுக்கு.

“எதிரொலி இருந்தா நல்ல ஸ்பீக்கரும் வீண்.”

அப்புறம் தரையில் கம்பளம். ஜன்னல் இடுக்கிலெல்லாம் ரப்பர் பட்டை. கதவுக்கு அடியில் ஒரு பட்டை. ரோட்டுப் பக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த பலகை.

அறை நடுவில் நின்று கையைத் தட்டினான். “கேட்டியா? சத்தம் அப்படியே அடங்கிடுது பாரு.”

“எல்லாம் சரி. எப்ப பாட்டு போடுவீங்க?”

“இன்னும் செட் ஆகலை.”

“போடாமலே எப்படித் தெரியும்?”

“முதல்ல ரூம் சரியாகணும் வித்யா. ஸ்பீக்கர் அப்புறம்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் பாதித் தூக்கத்தில் கண் விழித்தாள். ராம்கி ஜன்னலோரம் போனை நீட்டிப் பிடித்தபடி எதையோ அளந்துகொண்டிருந்தான். ஸ்பீக்கரில் விளக்குகூட எரியவில்லை.

“என்ன பண்றீங்க?”

“வெளிச் சத்தம் எவ்வளவு உள்ள வருதுன்னு பார்க்கறேன். அது கலந்தா சரவுண்டே கெட்டுடும். நீ தூங்கு.”

பௌதி, அதாவது அண்ணி, என்று அவள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மீரா ஹிந்தியும் வங்காளமுமாகக் கேட்டாள். “உன் வீட்டுக்காரர் வாராவாரம் என்னத்தையோ தூக்கிட்டு வராரே! வீட்டிலிருந்து ஒரு பாட்டும் கேட்கலையே?”

“எனக்கும் தெரியலை பௌதி. மனுஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.”

“நீ தூங்குறியா, இல்லையா?”

“இப்பல்லாம் தூங்கறேன். ஷிப்ட் பழகிடுச்சு போல.”

கோபம் கோபம்தான். ஆனாலும் புதன்கிழமை ராம்கிக்குப் பிறந்தநாள். இத்தனை பாடுபடுகிறவனுக்கு, வீட்டுக்குள் நுழையும்போது ஒரு பாட்டாவது கேட்கட்டுமே! லீவு போட்டுவிட்டு, ராஜ்மோகன் என்கிற சவுண்ட் மெக்கானிக்கை மத்தியானம் வரவழைத்தாள்.

அவர் வயரைப் பார்த்தார். ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்மூடியைக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். கடைசியாக அந்தப் பெரிய பெட்டியையும்.

“தீதி, உங்க வீட்டுக்காரரை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. ஷோரூம்ல காட்சிக்கு வைக்கிற டம்மி இது. ஆறுமே வெறும் கூடு.”

வித்யாலக்ஷ்மி திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். இந்த வெற்றுக் கூடுகளுக்காகவா மனுஷன் ஞாயிறு ஞாயிறாகச் சுவர் முழுக்க ஆணி அடித்தான்? பிறந்தநாள் அதுவுமாக இதை எப்படிச் சொல்வது? மெக்கானிக் போனதும் ராம்கிக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, பதறாம கேளுங்க. உங்களை ஏமாத்திட்டாங்க. ஸ்பீக்கருக்குள்ள ஒண்ணுமே இல்லைங்க!”



“தெரியும்,” என்றான் ராம்கி.

“தெரியுமா?”

“பழைய சாமான் கடையில தேடித்தான் வாங்கினேன்.”

“பாடாத ஸ்பீக்கருக்கா இத்தனை திரை, கம்பளம், பலகை?”

“நேத்து எத்தனை மணிக்கு எழுந்தே?”

“மூணு மணிக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?”

“படுத்தது?”

“எட்டரைக்கு...” என்று தொடங்கியவள், மணியைக் கணக்குப் போட்டபடி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“உன் தூக்கத்துக்குன்னு சொல்லியிருந்தா, ஒரு திரைத்துணி வாங்கக்கூட நீ விட்டிருக்க மாட்டே வித்யா,” என்றான் ராம்கி.