சான்று தேவை

“நீங்க சொல்றது சத்தியமாவே இருக்கட்டும்மா. ஆனா சான்று எங்கே?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவருக்குச் ‘சான்று சார்’ என்று பேர் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர். பதினோரு வருஷமாக இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்துத் தரைத்தளக் கணினி அறையில் புதியவர்களுக்கு அதன் விதிகளைச் சொல்லிக்கொடுப்பார். மனைவி காய்ச்சல் என்றால்கூடத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்று வீட்டில் கேலி உண்டு. இன்னொரு கேலியும் உண்டு. அவர் வீட்டு வாசலில், ‘கதவைத் தட்டாதீர்கள், மணியை அழுத்தவும்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கும். மணி கெட்டுப்போன வாரத்தில் கூரியர்காரர் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் மதியத்தோடு கிளம்பிவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. முப்பது வயதிருக்கும். ஏதோ வேலைத்தளத்திலிருந்து நேராக வந்தவள் போலிருந்தாள். அவள் தொட்ட விசைகளில் எல்லாம் செம்மண் ஒட்டியிருந்தது.

அவள் திறந்து வைத்திருந்தது, மலைச் சுரங்கப்பாதை விபத்து பற்றிய கட்டுரை. சார் எழுதிய முதல் கட்டுரை அது. கைப்பிள்ளை மாதிரி காப்பாற்றி வந்தார். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ‘பாறை சரிந்த கணத்திலேயே ஒன்பது பேரும் உயிரிழந்தனர்’ என்ற வரியில், அவள் ஒன்பதை எட்டாக்கியிருந்தாள். சார் தன் இடத்திலிருந்தே பழையபடி மாற்றினார். அவள் திரும்ப எட்டாக்கினாள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக மூன்று தடவை நடந்த பிறகுதான், எழுந்து அவளிடமே வந்து சான்று கேட்டார்.

“எட்டுப் பேருதான் சார் அன்னிக்கே போனாங்க. ஒருத்தர் இருந்தாங்க. மூணாம் நாள் விடியற வரைக்கும்.”

சாருக்குப் புரிந்துவிட்டது. இறந்தவர்களில் ஒருவரின் மனைவி. இப்படிப்பட்டவர்களிடம் பொறுமை வேண்டும்.

“உங்க வீட்டுக்காரரா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவள் யோசனையாக விரல் முட்டியால் மேசையைத் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று.

“தட்டாதீங்கம்மா” என்றார். குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விதிகளை விளக்கினார். ஆவணத்தில் இல்லாத ஒரு வரியும் இங்கே நிற்காது. கண்ணால் கண்டதே ஆனாலும் சொந்த அனுபவம் செல்லாது. விசாரணை அறிக்கை ‘கணத்திலேயே’ என்கிறது, அதனால் கட்டுரையும் அதைத்தான் சொல்லும். அவள் நல்ல மாணவியாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“அந்த அறிக்கைய யாரு சார் எழுதினது?”

“மீட்பு வேலைய நடத்தின அதிகாரி.”

“அவரு உள்ள வந்து பார்த்தாரா?”

சார் அடுத்த விதிக்குத் தாவினார். ஒரு விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்கள் அதைப் பற்றிய கட்டுரையில் கை வைக்கக்கூடாது. பாசமும் பயமும் எழுத்தைக் கோணலாக்கிவிடும்.

“அது எல்லாருக்குமா சார்?”

“எல்லாருக்கும்தான்” என்றவர், ஏனோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கணத்திலேயே போய்விட்டார்கள் என்று இருந்தால் படிக்கிறவர்களுக்கும் ஓர் ஆறுதல்தானே, ஒரு வரியை மாற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று சமாதானம் சொன்னார்.

“அந்த ஒருத்தருக்கு ஒரு பொண்ணு இருக்கா சார். இப்ப பத்தாவது படிக்கிறா. கடைசி மூச்சு வரைக்கும் அவ பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தது அவளுக்குத் தெரியணும்.”

சாருக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிடிவாதம் அவரை விடவில்லை.

“சான்று இருந்தா காட்டுங்கம்மா. என் கையாலயே மாத்திடறேன்.”

“இருக்கு சார். அப்பவே ஏத்திட்டேன். பாருங்க.”

திரையில் பழுப்பேறிய பதிவேட்டுத் தாள் ஒன்றின் படம் விரிந்தது.

‘இரண்டாம் நாள், மாலை 4.10. இடிபாட்டுக்கு அடியிலிருந்து தட்டும் ஓசை. மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. மேலும் தோண்டினால் மீட்புக் குழுவுக்கு ஆபத்து. தேடல் நிறுத்தப்படுகிறது.’

அடியில் இருந்தது, காலையில் வருகைப் பதிவில் அவர் போட்ட அதே கையெழுத்து. அந்தத் தாளைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி, சாம்பலையும் தண்ணீரில் கரைத்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியில் யாரும் இல்லை.

‘ஒன்பது’ என்பதை ‘எட்டு’ என்று மாற்றி அவர் சேமிக்கும் வரைக்கும், காலடியில், தரைக்குக் கீழிருந்து, மும்மூன்றாகத் தட்டும் ஓசை நிற்கவே இல்லை.