காற்றடிக்கும் பக்கத்துக் கதவு

மேற்கு ஷட்டரின் பச்சைப் பொத்தான்மேல் அவள் கட்டைவிரலை வைத்தாள்.

வெளியே மழைக்காற்று தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. ஷட்டர் உள்பக்கமாகப் புடைத்து, பின்வாங்கி, மறுபடி புடைத்தது.

"லாரியில சரக்கு நனையுதுண்ணே. தொறந்து உள்ள விட்டுடலாமா?" என்றாள், கிடங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

கிடங்கின் முதலாளியான அவளுடைய அண்ணன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். சுமை தூக்குகிறவர்கள், பெட்டி கட்டும் பெண்கள், மேஸ்திரி எல்லோரும் வேலையை விட்டுவிட்டு இவளையே பார்த்தார்கள்.

அண்ணனின் பழைய கிடங்கின் கூரை பறந்ததும் இப்படி ஒரு மத்தியானத்தில்தான். கூரையோடு பெயர்ந்து விழுந்த இரும்புக்கு அடியில் சிக்கி இரண்டு பேர் போனார்கள். ஒருவர் சுமை தூக்குகிறவர். இன்னொருவன் அந்தக் கிடங்குக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய இன்ஜினியர், அவளுடைய தம்பி. அண்ணனுக்கும் அவன் தம்பிதான்.

விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஷட்டர் மூடித்தான் இருந்தது, என் தம்பி போட்ட கணக்குதான் தப்பு. இதே மேஸ்திரியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதோடு தம்பிக்குப் பெயர் விழுந்துவிட்டது. ஆளைக் கொன்ற இன்ஜினியர். செத்துப்போன சுமைக்காரரின் மனைவி இப்போது இந்தக் கிடங்கில்தான் பெட்டி கட்டுகிறாள். அந்த இன்ஜினியரின் அக்கா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

தம்பி கடைசியாகப் போனில் பேசியது இந்த அக்காவிடம்தான்.

"லாரியை உள்ள விடணும், ஷட்டரைத் தொறங்கறார் அண்ணன். நாலு பக்கமும் மூடியிருந்தா இந்தக் காத்துக்கெல்லாம் என் கூரை அசையாதுக்கா. காத்தடிக்கிற பக்கம் மட்டும் தொறந்தா, உள்ள புகுந்ததுக்கு வெளிய போக வழியேது? அது கீழேருந்து தள்ளும், மேல ஓடுற காத்து இழுக்கும். கூரை நிக்காது. சொன்னா கேக்கமாட்டேங்கறாரு."

அதற்குள் ஷட்டர் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல் கேட்கவில்லை.

இதை அவள் சொல்லாத ஆளில்லை. தம்பிமேல் இருக்கிற பாசம், அப்படித்தான் பேசுவாள் என்றார்கள். அம்மாகூட, இருக்கிற பிள்ளையையாவது விட்டுவைடி என்று கும்பிட்டாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அண்ணனின் புதுக் கிடங்கிலேயே சரக்குப் பொறுப்புக்குச் சேர்ந்தாள். அவர் சொன்ன அரதப்பழசான ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்தாள். மேற்கிலிருந்து ஒரு பெருங்காற்று வரட்டும் என்று காத்திருந்தாள்.

"வெளையாடாத. கையை எடு," என்றார் அண்ணன் இப்போது.

"மூடியிருந்தா என்ன, தொறந்திருந்தா என்ன? தம்பி கணக்குதானே தப்பு? இது நீங்க காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த பெரிய இன்ஜினியர் போட்டதாச்சேண்ணே."

சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

அண்ணன் பெட்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவளைத் தோளால் மோதி விலக்கினார். சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்தினார்.

"பாவி, கொன்னுடாதடி! அன்னைக்கும் தொறந்ததாலதான் கூரை போச்சு! அவன் தலபாடா அடிச்சுக்கிட்டான், நான்தான் கேக்கல!"

கத்தி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த சுமைக்காரரின் மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். நேராக மேஸ்திரியின் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி தொறன்னாரும்மா," என்றார் மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் தொறந்தேன்."

அவள் திரும்பி, இறந்துபோன இன்ஜினியரின் அக்காவைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு அண்ணனைப் பார்த்தாள். சுமை தூக்குகிறவர்களும் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினார்கள்.

அண்ணனுக்கு அதையெல்லாம் கவனிக்கக்கூட முடியவில்லை. பொத்தான்களை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். ஷட்டர் புடைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். காற்று ஓயும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. யாரும் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடவில்லை.

காற்று கிளம்பியதுமே அந்த ஷட்டருக்குப் போகும் மின்சாரத்தை அவள் நிறுத்தியிருந்தாள்.

அதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.